திரையில் ஒரு சிற்றில்

கணினி ஆட்டம் என்றவுடன் போர், கொலை, ஓட்டம், வெடி என்னும் இவையே பலர்க்கும் நினைவில் எழும். அந்நினைவு முற்றும் தவறானதன்று. ஆயினும், வீரன் ஒருவனின் வேடம் பூண்டு கற்பனை நாடொன்றில் உலவி வரும் ஆட்டங்களில் வேறொரு காட்சியையும் காணலாம். டிராகனை வீழ்த்திய வீரன் ஊருக்குத் திரும்புகின்றான். தனக்குரிய சிறு வீட்டின் கதவைத் திறந்து உள்ளே செல்கின்றான். வாளைச் சுவரில் மாட்டுகின்றான். வழியிற் கிடைத்த புத்தகங்களை அலமாரியில் வைக்கின்றான். மேசைமேல் ஒரு தட்டும், தட்டின்மேல் ஒரு ரொட்டியும் வைக்க முயல்கின்றான். ரொட்டி உருண்டு தரையில் விழுகின்றது. எடுத்து மீண்டும் வைக்கின்றான். இம்முறை கோணலாக நிற்கின்றது. நேராக்குகின்றான். இவ்வாறே அரைமணி நேரம் கழிகின்றது.

இதற்கு மதிப்பெண் இல்லை. வெல்வதற்கும் ஒன்றில்லை, தோற்பதற்கும் ஒன்றில்லை. போர் புரிவதையாவது ஒருவாறு விளங்கிக்கொள்ளும் பெற்றோர், தம் பிள்ளை இல்லாத மேசைமேல் இல்லாத ரொட்டியை நேராக்குவதில் பள்ளி விடுமுறையைச் செலவிடக் கண்டு மனம் சலிக்கின்றனர். ஆசிரியரும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்பர். பிள்ளைகளின் பொழுதைக் குறித்துத் தீர்ப்புக் கூறும் பொறுப்புடையோர், அப்பொழுது எவ்வாறு செல்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் முறையன்றோ?

வீடு கட்டி விளையாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிறுமியர் மணலிற் கட்டும் வீட்டைச் சிற்றில் என்றும், அவ்வாறு கட்டுதலைச் சிற்றில் இழைத்தல் என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் எட்டாவது சிற்றிற் பருவம் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். தாம் கட்டிய இல்லத்தைக் காலாற் சிதைத்துவிட வேண்டா என்று சிறுமியர், பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனை வேண்டும் முறையில் அப்பருவம் அமையும். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர்கள் வேண்டுவது ‘எடுத்துக்கொள்ளாதே’ என்பதன்று, ‘அழிக்காதே’ என்பதே. மணல் வீட்டில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கின்றது? வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்பதே கட்டியோர் விருப்பம். கணினி ஆட்டத்து வீட்டின் கதையும் இவ்விருப்பத்தைச் சுற்றியே செல்கின்றது.

பலரும் அறிந்த ஓர் ஆட்டத்தைக் கொண்டு இதனைக் காண்போம். அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ என்பது, பனி மூடிய வடபுல நாடொன்றில் நடக்கும் கதை. அந்நாட்டில் வொயிட்ரன் என்றொரு நகரம் உண்டு. நகர்த் தலைவனுக்குத் துணைபுரிந்து அவன் நன்மதிப்பைப் பெற்றவன், பிரீஸ்ஹோம் என்னும் சிறு வீட்டை 5,000 பொற்காசுக்கு வாங்கலாம். வாங்கிய அன்று வீடு ஒட்டடை படிந்து கிடக்கும். கட்டிலறைச் சாமான், சமையற் சாமான் என ஒவ்வோர் அறைக்கும் உரியவற்றை அரண்மனைக் காரியக்காரரிடம் தனித்தனியே பணம் கொடுத்துப் பெறுதல் வேண்டும். பணம் கொடுத்தபின் வீட்டுக்குத் திரும்பினால் ஒட்டடை மறைந்து, மேசையும் நாற்காலியும் தத்தம் இடத்தில் நிற்கக் காணலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை உண்டு. அம்மேசையை இழுத்துச் சன்னலருகே போட இயலாது. பெரிய சாமான் எல்லாம் ஆட்டத்தை ஆக்கியோர் குறித்த இடத்திலேயே நிற்கும். ஆனால் சிறு பொருள்கள் அவ்வாறல்ல. கிண்ணம், புத்தகம், பாற்கட்டி, மண்டையோடு, வெறுங் குப்பி ஆகிய எதனையும் கையில் ஏந்திச் சென்று எங்கும் வைக்கலாம். ஆட்டக்காரரின் உரிமை முழுவதும் இச்சிறு பொருள்களிலேயே அடங்கியுள்ளது. ஆகலின் அவர்தம் உழைப்பும் அங்கேயே செல்கின்றது. நாடு முழுதும் சுற்றித் திரட்டிய புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அலமாரியில் நிறுத்துவோர் உளர். பகைவர் தலைக்கவசங்களை வரிசையாக வைப்போரும் உளர். கவசம் அணிவிப்பதற்கென மனித உருவில் மரப்பொம்மைகளும் சில வீடுகளில் உண்டு. நிரலின் பிழையால் இப்பொம்மைகள் சிலவேளை தாம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். நள்ளிரவில் தனியே ஆடுவோரைத் திடுக்கிடச் செய்வதில், அந்நாட்டுப் பேய்களுள் ஒன்றும் இதற்கு ஈடாகாது.

அடுத்த ஆண்டு, 2012 செப்டம்பரில், ‘ஹார்த்ஃபயர்’ என்னும் இணைப்பு வெளிவந்தது. இதில் வீட்டைக் கட்டியே பெறுதல் வேண்டும். 5,000 பொற்காசுக்கு ஒரு மனை. காட்டோரம் ஒன்று, சதுப்பு நிலத்தருகே ஒன்று, பனிவெளியில் ஒன்று என மூன்று மனைகள் இருந்தன. களிமண்ணையும் கல்லையும் மனையருகே தாமே வெட்டி எடுத்தல் வேண்டும். மரத்தை அறுப்பு ஆலையில் வாங்குதல் வேண்டும். ஆணி, கீல், பூட்டு ஆகியவற்றை இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்தல் வேண்டும். முதலிற் சிறு வீடு, அடுத்துப் பெருங்கூடம், அதன்பின் கிழக்கு, மேற்கு, வடக்கு என மூன்று பக்கமும் ஒவ்வோர் அறைத்தொகுதி.

ஆக்கியோர் இங்கே நுட்பமான வேலை ஒன்று செய்துள்ளனர். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று திட்டங்கள் உண்டு, ஒன்றையே தெரிந்தெடுக்கலாம். கிழக்கே நூலகமா, படைக்கலக் கோபுரமா, சமையலறையா? மேற்கே படுக்கையறைகளா, செடி வளர்க்கும் கண்ணாடி மனையா, மந்திர வேலைக்குரிய கோபுரமா? நூலகத்தை விரும்பியவர் அவ்வீட்டில் பெரிய சமையலறையை இழப்பார். பெற்றோரற்ற குழந்தைகள் இருவரை அழைத்து வளர்க்கவும் அவ்விணைப்பு வழி செய்தது. குழந்தை வந்தபின் படைக்கலச் சாலையைக் காட்டிலும் படுக்கையறை இன்றியமையாததாகத் தோன்றும். எல்லாம் கிடைக்கும் வீட்டில் கட்டியவனின் முகம் தெரியாது. ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளும்போதுதான் அவன் யார் என்பது சுவரில் எழுதப்படுகின்றது.

இனி, வைத்தது வைத்தபடி இருத்தல் என்பதைக் காண்போம். கணினி உலகில் இஃது எளிதன்று. ஆட்டக்காரர் ஒரு கிண்ணத்தை நான்கு அங்குலம் நகர்த்தினால், அக்கிண்ணத்தின் புதிய இடத்தைப் பொறி எழுதி வைத்தல் வேண்டும். நாட்டிலுள்ள எல்லாக் கிண்ணங்களுக்கும் அவ்வாறு எழுதிக்கொண்டே போனால் சேமிப்புக் கோப்பு பெருத்துவிடும். ஆதலின் ஸ்கைரிம் உலகில் பல குகைகளும் கோட்டைகளும் சில நாட்களுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. கொல்லப்பட்ட கள்வரின் இடத்தில் வேறு கள்வர் வருவர். அங்குள்ள பெட்டியில் போட்டுவைத்த பொருளும் காணாமற் போய்விடும். ஆட்டக்காரர் விலைகொடுத்து வாங்கிய வீட்டில் மட்டும் அது நிகழாது. உலகம் அவரை மறந்துகொண்டே இருக்கின்றது; வீடு ஒன்றே நினைவில் வைத்துள்ளது. 5,000 பொற்காசுக்குக் கிடைப்பது சுவரும் கூரையுமல்ல, இந்நினைவே ஆகும்.

இவ்வேறுபாடு இத்தகைய ஆட்டங்களின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் ஆக்கிய ‘மட்’ என்னும் ஆட்டத்தில் படமே இல்லை, எல்லாம் எழுத்து. பலர் ஒரே உலகில் ஒரே வேளையில் உலவினர். புதையலைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்தில் எறிந்தால் மதிப்பெண் கிடைத்தது. புதையல் தீர்ந்தபின் உலகம் தொடக்க நிலைக்கே மீட்கப்படும். அங்கே எவரும் ஒன்றையும் வைத்துவிட்டு வர இயலாது.

1989இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் என்பார் ‘டைனிமட்’ என ஒன்றை எழுதினார். அதில் வந்தவர் எவரும் தமக்கென ஓர் அறையைத் தோண்டிக்கொள்ளலாம். தோண்டுவது சொல்லால். அறையின் பெயரை எழுதி, அது எவ்வாறு இருக்கும் என்று சில வரிகளில் வருணித்தால் அறை தோன்றிவிடும். அடுத்து வருபவர் அவ்வரிகளைப் படித்தே அவ்வறையைக் காண்பார். சன்னல் உண்டு என்று எழுதினால் சன்னல் உண்டு. எழுதாவிட்டால் இல்லை. வருணனைப் பாடம் நடத்துவோர்க்கு இதனினும் நல்ல கரும்பலகை கிடைப்பதரிது. அந்த முதல் உலகம் அடுத்த ஆண்டே நின்றுவிட்டது. ஆனால் வந்தோரே வீடு கட்டிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் நிற்கவில்லை.

அவ்வெண்ணம் படத்தோடு கூடி ஆயிரக்கணக்கானோரை எட்டியது 1997 செப்டம்பரில் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ வாயிலாக. ரிச்சர்டு கேரியட் தலைமையில் டெக்சாஸ் மாநிலத்து ஆரிஜின் நிறுவனம் இதனை ஆக்கியது. வீட்டுப் பத்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி, மரமும் பாறையும் இல்லாத சமநிலத்தைத் தேடிப் பிடித்தால் அங்கே வீடு எழும்பும். எழும்பிய வீடு அவ்வுலகத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்; வேறெவரும் அந்நிலத்தைக் கொள்ள இயலாது. ஸ்கைரிம் போன்ற தனியாள் ஆட்டத்தில் ஒருவர் வீடு மற்றொருவர்க்கு இடையூறாவதில்லை. இங்கோ நிலம் ஒன்று, கேட்பவர் பலர். சிறிது காலத்திலேயே நல்ல மனை கிடைப்பது அரிதாயிற்று. காடுகளின் நடுவிலும் சாலையோரத்திலும் கோபுரங்களும் குடிசைகளும் நெருங்கி நின்றன. இல்லாத நாட்டின் வீட்டை, உள்ள நாட்டின் டாலர் கொடுத்து ஏலத்தில் வாங்குவோரும் தோன்றினர்.

தொடக்கத்தில் அவ்வீடுகளுக்குச் சாவி உண்டு; சாவியும் பையில் கிடக்கும் ஒரு பொருளே. ஆகவே சாவியைத் திருடியவன் வீட்டையே கொள்ளையிட முடிந்தது. தரையில் வைத்த பொருள் சிறிது நேரத்தில் மறைந்துவிடுவதும் அவ்வுலகத்தின் விதி. இவ்விரு தொல்லைகளுக்கும் பின்னர் மாற்றுக் காணப்பட்டது. வீட்டுக்குரியவர், தம் வீட்டுக்குள் நின்று, ‘இதனை இங்கே நிலைநிறுத்த விரும்புகிறேன்’ என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்து, ஒரு பொருளைச் சுட்டினால் அப்பொருள் அவ்விடத்திலேயே நிலைபெறும். பிறர் அதனை எடுக்க இயலாது. காலமும் அதனை மறைக்காது.

அவ்விதி வந்தபின் நிகழ்ந்ததுதான் வியப்புக்குரியது. அவ்வுலகில் நாற்காலி, மேசை, பெட்டி போன்ற சில சாமான்களே முதலில் இருந்தன. இசைக்கருவி என்று வைத்துக்கொள்ளக் குடம் போன்ற ஒரு யாழும் முழவும் உண்டு, பியானோ கிடையாது. ஆட்டக்காரர் பியானோ வேண்டும் என எண்ணினர். மரப்பெட்டிகளை அடுக்கினர், அவற்றின்மேல் ஆட்டப் பலகைகளையும் மடித்த துணிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினர். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் அவ்வுலகின் பார்வையில், கட்டங்கள் கட்டைகளாகவும் துணியின் நிறம் பலகையாகவும் தோன்ற, அங்கே பியானோ ஒன்று நின்றது! ஒலி எழாது, அஃது அடுக்கி வைத்த பெட்டியும் துணியுமே. ஆயினும் வாயிலில் எட்டிப் பார்த்தவர் கண்ணுக்கு அது பியானோ. இவ்வாறே மீன் தொட்டியும் பிறவும் பிறந்தன. ஆக்கியோர் கொடுக்காத ஒன்றை, அவர் கொடுத்தவற்றைக் கொண்டே ஆடுவோர் படைத்துக்கொண்டனர். பின்னர், பொருளைத் திருப்பவும் உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் கருவி ஒன்றையும், 2003ஆம் ஆண்டு வந்த இணைப்பில் சுவரையும் தரையையும் துண்டு துண்டாக வைத்து வீட்டையே தம் விருப்பப்படி வரையும் வசதியையும் நிறுவனம் கொடுத்தது. கருவி பின்னே வந்தது. கலை முன்னே வந்துவிட்டது.

எவ்வளவு உரிமை கொடுப்பது என்பதில் ஆட்டங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரு முனையில், டோல்கீன் கதைகளை அடிப்படையாகக் கொண்ட ‘லார்டு ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்’ 2007 அக்டோபரில் வீடுகளைத் தந்தபோது, சாமான் மாட்டுவதற்கென அறையில் குறித்த இடங்களை மட்டுமே வைத்தது. சுவரில் இன்ன இடத்தில் ஒரு படம், தரையில் இன்ன இடத்தில் ஒரு சாமான் என்பது ஏற்பாடு. ஒழுங்கு உண்டு, ஒருவர் வீட்டுக்கும் மற்றவர் வீட்டுக்கும் வேற்றுமை குறைவு. மற்றொரு முனையில் பெதஸ்டா நிறுவனத்தின் பழைய ஆட்டமாகிய ‘மாரோவிண்ட்’ நிற்கின்றது.

2002இல் வந்த மாரோவிண்டில் விலைக்கு வீடே இல்லை. மூன்று பெருங்குடிகளுள் ஒன்றிற் சேர்ந்து உயர்ந்தவனுக்குக் கோட்டை ஒன்று கிடைக்கும். அவற்றுள் டெல்வானி என்னும் மந்திரவாதிகள் குடியிற் சேர்ந்தால் கோட்டை கட்டப்படுவதில்லை. பெருங்காளானாக முளைத்துப் படிப்படியாக வளர்கின்றது. அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாத பலர் செய்தது கொடியது: ஊரில் தனித்திருப்பவன் ஒருவனைக் கொன்றுவிட்டு அவன் வீட்டிற் குடியேறினர். கொல்லப்பட்டவன் உயிரற்ற கற்பனை உருவமே எனினும், நல்ல அலமாரி உள்ள வீடு என்பதற்காக ஒருவனைத் தேர்ந்தெடுத்ததைப் பெருமையாகக் கொள்வதற்கில்லை. பொருள் வைப்பதில் மட்டும் அவ்வாட்டம் முழு உரிமை கொடுத்தது. எதனையும் எதன்மேலும் வைக்கலாம், வைத்தது அசையாது.

2006இல் வந்த ‘ஆப்லிவியன்’ இதனை மாற்றியது. பேரரசின் தலைநகரில் 2,000 பொற்காசுக்கே ஒரு குடிசை கிடைத்தது, கொலை வேண்டியதில்லை. ஆனால் பொருள்களுக்கு எடையும் அசைவும் தரப்பட்டன. அம்பும் உருளும் மரக்கட்டையும் இயல்பாகத் தோன்ற இது உதவியது. விளைவு என்ன? பொறுமையாக அடுக்கிய மேசைமீது வீரனின் முழங்கை பட்டால் எல்லாம் சிதறும். சிலவேளை வீட்டைவிட்டுப் போய் மீண்டும் வந்து கதவைத் திறந்தவுடனேயே பொருள்கள் துள்ளி விழும். போர்க்காட்சிக்கு முன்னேற்றமாக அமைந்தது வீட்டு அடுக்குக்குப் பின்னடைவாயிற்று. ஸ்கைரிமிலும் இத்தொல்லை தொடர்ந்தது. அவ்வாட்டத்தின் ஆக்கக் கருவிகளை நிறுவனம் 2012 பிப்ரவரியில் வெளியிட்டபின், ஆட்டக்காரரே பொருள்களை அசையாமல் நிறுத்தும் நிரல்களையும், புதிய வீடுகளையும் எழுதிப் பிறர்க்கு விலையின்றி வழங்கினர். பள்ளி மாணவர் பலர் நிரலெழுதும் கலையில் முதலடி வைப்பது இத்தகைய வேலையாலேயே எனலாம்.

நிறுவனங்கள் வீட்டை ஏன் தருகின்றன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயிரம் ஆயிரம் வீரர் நாள்தோறும் அரக்கரைக் கொன்று பொன் ஈட்டும் உலகில், பொன் பெருகி விலைவாசி ஏறிவிடும். ஈட்டிய பொன்னைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி வேண்டும். வாளைப் பெருவிலைக்கு விற்றால் பணக்காரனே வலியவன் ஆகி ஆட்டம் கெடும். கம்பளத்தையும் விளக்கையும் பெருவிலைக்கு விற்றால் எவருடைய வலிமையும் ஏறாது. பொன் மட்டும் வெளியேறும். பயனற்றது என்பதே அலங்காரப் பொருளின் பயன். இஃது ஒருபுறம். மறுபுறம், 2017 பிப்ரவரியில் வீடுகளைத் தந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ போன்ற ஆட்டங்கள், உண்மைப் பணம் கொடுத்தும் மாளிகை வாங்கலாம் என்று கடை விரித்தன. குடியிருக்க முடியாத மாளிகைக்குக் குடும்பத்தின் பணம் செல்வதைப் பெற்றோர் கண்டிப்பது நேரிதே. பொழுது வேறு, பணம் வேறு. இரண்டையும் ஒரே குற்றமாகக் கருதுதல் ஆகாது.

இறுதியாக அழிவைக் கூறுதல் வேண்டும். சிற்றிலைச் சிதைக்க ஒரு சிறுவனின் கால் போதும். திரையில் அதனைச் செய்வது கட்டணமும் நாட்கணக்கும் ஆகும். அல்டிமா ஆன்லைனில் ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு பெயர்ப்பலகை தொங்கும். வீட்டுக்குரியவர் நெடுநாள் வாராவிட்டால் அப்பலகை வீட்டின் நிலையை அறிவிக்கும். புதிது போன்றது, சிறிது தேய்ந்தது, ஓரளவு தேய்ந்தது என ஆறு படிகள். கடைசிப் படி, இடிந்து விழும் நிலை. அந்தக் கடைசிச் சொல் பலகையில் தோன்றினால் செய்தி பரவிக் கூட்டம் கூடிவிடும். வீடு விழுந்த நொடியில், பல ஆண்டுகள் சேர்த்த பொருள்கள் தரையில் பரவிக் கிடக்க, கூடியவர் அள்ளிக்கொள்வர். பியானோவை அடுக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பெட்டி பெட்டியாகவும் துணி துணியாகவும் போய்விடும். வேலை உள்ள மட்டும் வீடு என்று லயத்தில் வாழ்ந்து பழகிய குடும்பங்களுக்கு, பிறர் நிலத்தில் தம் கைப்பட அழகு செய்த வீட்டின் நிலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

சப்பானிய நிறுவனமாகிய ஸ்குவேர் எனிக்ஸ் நடத்தும் ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ என்னும் ஆட்டத்தில் இந்நிலை இன்னும் கூர்மையானது. 2013 டிசம்பரில் குழுக்களுக்கும், அடுத்த ஆண்டு தனியாளுக்கும் அங்கே வீடு கிடைக்கலாயிற்று. ஒவ்வொரு பேட்டையிலும் 60 மனைகளே. ஒரு மனை காலியானால் விற்பனை எந்நேரம் திறக்கும் என்று எவர்க்கும் தெரியாது. ஆகவே அறிவிப்புப் பலகையின் முன் மணிக்கணக்காக நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தனர். 2022 ஏப்ரலில் குலுக்கல் முறை வந்தபின் அக்கொடுமை நீங்கியது. அங்கும் அலங்கரிப்போர் விதியை மீறி வளர்ந்துள்ளனர். சாமான்களை அந்தரத்தில் நிறுத்தும் தந்திரங்களைக் கண்டு, சுவர்ப் பலகையைப் படிக்கட்டாகவும் மேசையை மேல்தளமாகவும் மாற்றி, சிறு வீட்டுக்குள் தேநீர்க் கடையும் நூலகமும் அமைத்துப் பிறரை அழைக்கின்றனர்.

அவ்வீட்டுக்குள் 45 நாட்கள் உரியவர் நுழையாவிட்டால் அது தானே இடிக்கப்படும். மனை அடுத்தவர்க்குப் போகும். பெரும்பாலான சாமான்களை 35 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அவை நின்ற முறையை மீட்க வழியில்லை. நோயோ பேரிடரோ மனிதரை வீட்டுக்கு வரவிடாமற் செய்யும் என்பதை நிறுவனமும் உணர்ந்துள்ளது. 2020இல் கொரோனா பரவியபோதும், 2024 ஜனவரி முதல் நாள் சப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலம் நடுங்கியபோதும் இவ்விடிப்பைச் சில காலம் நிறுத்தி வைத்தது. உண்மை வீடுகள் இடிந்த வேளையில் கற்பனை வீடுகளை இடிக்காமல் விட்டது எள்ளத்தக்கதன்று. வீட்டை இழந்தவர் ஒருவர்க்கு அந்தச் சிறு கூடமாவது மீந்திருக்கலாம்.

மற்றக் காலத்தில் கணக்குத் தவறுவதில்லை. ஆட்டத்தில் நாட்டம் குறைந்து, போரும் பயணமும் சலித்துப்போன பின்னும், திங்கள்தோறும் கட்டணம் செலுத்துவோர் உளர். அவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உள்ளே வருகின்றனர். கதவைத் திறக்கின்றனர். விளக்கும் நாற்காலியும் வைத்த இடத்திலேயே உள்ளன. ஒன்றையும் தொடாமல் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியேறுகின்றனர். 45 நாட்கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது.